மேனேஜருக்கு வேண்டியவருக்குத் தீவு, எனக்குக் கூலிம்: பி.ஐ.பி. (செயல்திறனைத் திருத்திக்கொள்ளக் கெடு வைக்கும்) கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

பிறைக்காரன்:

வணக்கம். மருந்துக் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள், செய்து ஓய்வு பெற்றவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். உங்களிடம் கேட்டால்தான் எனக்கு ஒரு தெளிவு கிடைக்கும் என்று எழுதுகிறேன்.

நான் பினாங்கில் மருந்து விற்பனை ரெப், அதாவது விற்பனைப் பிரதிநிதி. வெளிநாட்டுக் கம்பெனி. பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இனிப்பு நீர் (நீரிழிவு), கொழுப்பு, இந்த இரண்டுக்குமான மாத்திரைகள் என் பொறுப்பு. போன வருடம் வரை பினாங்குத் தீவில் இருக்கும் தனியார் ஆஸ்பத்திரிகள் என் ஏரியா. அதில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எங்கள் புது மாத்திரையை மருந்துப் பட்டியலில் ஏற்றுவதற்கு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு ஸ்பெஷலிஸ்ட் எழுதிக் கேட்க வேண்டும், இன்னொருவர் ஆதரிக்க வேண்டும், தலைமை மருந்தாளர் விலையையும் சப்ளையையும் துருவித் துருவிக் கேட்பார், மருந்துக் குழு எப்போதாவதுதான் கூடும். ஒரு கூட்டத்தில் தள்ளிப் போட்டால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். கடைசியில் ஏறியது.

அதன் பிறகு கே.எல்.லிலிருந்து (கோலாலம்பூர்) புது ரீஜனல் மேனேஜர் வந்தார். முதல் சைக்கிள் மீட்டிங்கிலேயே, அதாவது விற்பனைக் குழுவின் வழக்கமான கூட்டத்திலேயே, ஏரியாக்களைக் கலைத்துப் பிரித்தார். நான் பட்டியலில் ஏற்றிய ஆஸ்பத்திரி உட்பட தீவு முழுவதும் ஒரு தம்பிக்குப் போனது. அவர் முன்பு வேறு கம்பெனியில் இதே மேனேஜரிடம் வேலை பார்த்தவர். மேனேஜர்தான் தன்னோடு அழைத்து வந்தார். எனக்குப் பெருநிலத்தில் இருக்கும் நிபோங் திபால், கூலிம், சுங்கைப்பட்டாணி. பெரும்பாலும் சின்ன கிளினிக்குகள். ஏரியா மாறுவது இந்த வேலையில் சகஜம், சரி என்று வாங்கிக்கொண்டேன். ஆனால் தீவில் எனக்கு எத்தனை சதவீத வளர்ச்சி வைத்திருந்தார்களோ அதே சதவீதத்தை இங்கேயும் வைத்துவிட்டார்கள்.

கேட்டேன். அதற்கு மேனேஜர், "பெரியவர்களில் ஆறு பேருக்கு ஒருவருக்கு இனிப்பு நீர் என்று சுகாதார அமைச்சே சொல்கிறது. கூலிமில் மட்டும் நோயாளி இல்லையா? நீங்கள் போய்ப் பார்ப்பதில்லை" என்றார். எல்லாரும் உட்கார்ந்திருந்த மீட்டிங்கில்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தம்பியும் தமிழ்ப்பிள்ளைதான். இதை இனப் பிரச்சினையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை, நன்றாகப் பேசுகிற பிள்ளை. என் மனதை அறுப்பது வேறு. அந்த ஆஸ்பத்திரியின் ஆர்டர் இப்போது மாதாமாதம் அவர் பெயரில் ஏறுகிறது. அந்த விற்பனைக்காக அவருக்குச் சிறந்த ரெப் விருது, பேங்காக் மாநாட்டுக்குப் பயணம். மேடையில் மேனேஜர் அந்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லிப் பாராட்டியபோது என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேனேஜர் பினாங்குக்கு வரும்போதெல்லாம் அந்தத் தம்பியின் காரில்தான் ஏறுவார். என்னோடு ஒரு கிளினிக்குக்குக்கூட வந்ததில்லை. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப் வரும். இன்று எத்தனை டாக்டரைப் பார்த்தீர்கள், மதியம் ஏன் கம்பெனி ஆப்பில் ஒரே இடம் காட்டுகிறது என்று. டாக்டர் நோயாளிகளைப் பார்த்து முடிக்கும் வரை வாசலில் உட்கார்ந்திருப்பதும் இந்த வேலைதானே.

கடைசியாக நடந்தது இது. காலாண்டு முடிகிற வாரம், "பத்துக்கு மூன்று இலவசம் கொடு, கிளினிக்குகளில் ஸ்டாக்கை ஏற்று, அடுத்த மாதம் திருப்பி எடுத்துக்கொள்ளலாம்" என்றார். சுங்கைப்பட்டாணியில் ஒரு வயதான டாக்டர். அவர் அலமாரியில் எங்கள் மாத்திரை ஏற்கெனவே தேங்கிக் கிடக்கிறது. என்னை நம்பி வாங்குகிறவரிடம் போய் மேலும் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. முடியாது என்று சொன்னேன். அடுத்த மாதம் பி.ஐ.பி. கடிதம் வந்தது. மூன்று மாதத்தில் டார்கெட்டைப் பிடிக்கவில்லை என்றால் "மேல் நடவடிக்கை".

என் கேள்விகள்: கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா? கே.எல். எச்.ஆரிடம் போவதில் பயன் உண்டா? இல்லை, பேசாமல் ராஜினாமா செய்துவிட்டு உள்ளூர் ஜெனரிக் கம்பெனிக்குப் போய்விடலாமா? சம்பளம் குறைவு, ஆனால் ஒரு இடம் இருக்கிறது என்கிறார்கள்.

ஈப்போ ரெப்:

அண்ணே, எனக்கும் இதே மாதிரி ஒரு கடிதம் வந்தது. கையெழுத்துப் போட மறுத்தால் அதையே ஒழுங்கீனம் என்று இன்னொரு கடிதமாக்குவார்கள். "கடிதத்தைப் பெற்றுக்கொண்டேன், அதில் உள்ளவற்றை ஏற்கவில்லை, விளக்கம் தனியாக அனுப்புகிறேன்" என்று கையால் எழுதி, தேதி போட்டு, அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள். கடிதத்தை அப்போதே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ராஜினாமா மட்டும் இப்போது வேண்டாம்.

பட்டர்வொர்த் அக்கா:

தம்பி, நான் வட மாநிலங்களுக்கு ஏரியா மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியில் இருப்பவர்கள், மேனேஜர் ஒருவரிடம் சிரித்துப் பேசுவார், இன்னொருவரிடம் முகத்தைத் திருப்புவார், பாரபட்சம் அதுதான் என்று நினைப்பார்கள். மருந்து விற்பனையில் அதெல்லாம் சின்ன விஷயம். இங்கே பாரபட்சம் அக்கவுண்ட் பட்டியலில் இருக்கிறது. கம்பெனி மருந்தை விநியோகஸ்தருக்கு அனுப்புகிறது, ஸூலிக், டி.கே.எஸ்.எச். மாதிரி. அவர்கள் ஆஸ்பத்திரிக்கும் கிளினிக்குக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு எண். மாதக் கடைசியில் எந்த எண்ணுக்கு எவ்வளவு போனது என்று அறிக்கை வரும். அந்த எண் எந்த ரெப்பின் பெயருக்குக் கீழே இருக்கிறதோ அவருக்குத்தான் விற்பனை, அவருக்குத்தான் இன்சென்டிவ். ஒரு மருந்தைப் பட்டியலில் ஏற்றுவதற்கு இன்று பாடுபட்டால் விற்பனை சூடு பிடிக்க ஒரு வருடம்கூட ஆகும். அந்த இடைவெளியில் எண்ணைக் கை மாற்றிவிட்டால் உழைப்பு ஒருவருடையது, பணம் இன்னொருவருடையது. மேனேஜரின் பிரியம் காசாக மாறுகிற இடம் அதுதான். கம்ப்யூட்டரில் ஒரு வரியை மாற்றினால் போதும், யாருக்கும் எதுவும் தெரியாது.

இப்போது அவர் மீட்டிங்கில் சொன்ன கணக்குக்கு வருவோம். ஆறு பேருக்கு ஒருவர் என்பது உண்மை. 2023 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 15.6 சதவீதம். கூலிமிலும் நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்கள் மாத்திரை எங்கே வாங்குகிறார்கள் என்று அவர் ஒரு நாள் உங்கள் காரில் ஏறி வந்திருந்தால் தெரிந்திருக்கும். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் டாக்டரையும் பார்க்கலாம், மருந்தும் கிடைக்கும். மாதாமாதம், ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மாத்திரைக்கு சாதாரணக் குடும்பம் அங்கேதான் போகும். அங்கே என்ன மருந்து இருக்கும் என்பதை அமைச்சின் மருந்துப் பட்டியலும் டெண்டரும் தீர்மானிக்கின்றன, நீங்கள் ஒரு கிளினிக் டாக்டரைப் பார்ப்பது தீர்மானிப்பதில்லை. கூலிம் ஹைடெக் பார்க் பக்கம் இருக்கும் பேனல் கிளினிக்குகளுக்கு, அதாவது கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்காக ஏற்பாடு செய்த கிளினிக்குகளுக்கு, தொழிற்சாலைப் பிள்ளைகள் காய்ச்சல், இருமல், எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) என்றுதான் வருவார்கள். சொந்தக் காசில் இனிப்பு நீர் மாத்திரை வாங்கும் சிலரும் விலை குறைந்ததாகக் கொடுங்கள் என்றுதான் கேட்பார்கள். வெளிநாட்டுக் கம்பெனியின் ஒரிஜினல் மாத்திரைக்கு அங்கே மிச்சமிருக்கும் இடம் மிகச் சிறியது.

தீவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தனியார் ஆஸ்பத்திரிகளின் வாசலில் காலையில் நின்று பார்த்தால் பாதிப் பேச்சு இந்தோனேசிய மொழியில் கேட்கும். மேடானிலிருந்து விமானத்தில் வந்து, சொந்தக் காசு கொடுத்து, பல மாதங்களுக்கான மாத்திரையை மொத்தமாக வாங்கிப் போகிறவர்கள். 2020 மார்ச்சில் எல்லை மூடியபோது அந்த விற்பனை அடியோடு சரிந்தது. அப்போது தீவு ரெப்புகள் பட்ட அவமானம் எனக்குத் தெரியும், அவர்கள் என்னமோ தூங்கிவிட்டது போலப் பேசினார்கள். 2022 ஏப்ரல் 1 அன்று எல்லை திறந்தது. நோயாளிகள் திரும்பி வந்தார்கள், விற்பனையும் வந்தது. அந்த ஏற்றம் அங்கே உட்கார்ந்திருக்கும் ரெப்பின் திறமை மட்டும்தானா? தீவுக்கும் கூலிமுக்கும் ஒரே சதவீதத்தை எழுதிய மேனேஜருக்கு இரண்டு ஊரும் தெரியாது. தெரிந்தே எழுதினார் என்றால் அது இன்னும் மோசம்.

நான் எப்படிப் பிரித்தேன் என்று சொல்கிறேன். தேசிய டார்கெட் மேலே இருந்து வரும், அதில் நமக்குக் கை இல்லை. ஆனால் வட்டாரத்துக்குள் பிரிப்பது மேனேஜரின் வேலை. எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்து வெள்ளைப் பலகையில் எழுதுவேன். போன வருட விற்பனை, அந்த இடத்தில் மொத்தச் சந்தை எவ்வளவு, புதிதாகப் பட்டியலில் ஏறிய மருந்து எது, அதை ஏற்றியவர் யார். ஏரியா கை மாறினால் புதுப் பட்டியலின் விற்பனையை ஒரு வருடத்துக்குப் பழைய ரெப்புக்கும் புது ரெப்புக்கும் இரண்டு பேருக்குமே கணக்கில் வைப்பேன். அதற்காகத் தலைமையகத்தோடு வருடாவருடம் சண்டைதான். பலகை முன்னால் கத்துவார்கள், வாக்குவாதம் வரும், ஒரு முறை ஒரு பையன் எழுந்து போயே விட்டான். பரவாயில்லை. உனக்கு ஏன் இந்த எண், அவனுக்கு ஏன் அந்த எண் என்பதை எல்லாருக்கும் முன்னால் வாய் திறந்து சொல்ல முடிந்தவர்தான் மேனேஜர். சொல்ல முடியாத எண்ணை எழுதவே கூடாது.

காரில் கூட வருவதும் அப்படித்தான். ராத்திரி வாட்ஸ்அப்பில் கேள்வி கேட்பது மேற்பார்வை ஆகாது. ரெப்போடு ஒரு நாள் முழுக்கச் சுற்றினால் எந்த டாக்டர் முகம் கொடுத்துப் பேசுகிறார், எந்தக் கிளினிக்கில் நர்ஸ்தான் முடிவு எடுக்கிறார், ரெப் எந்தக் கேள்வியில் தடுமாறுகிறார், எல்லாம் தெரியும். டாக்டர் முன்னால் நான் வாயே திறக்க மாட்டேன். வெளியே வந்து காரில் ஏறிய பிறகுதான் பேசுவேன். என்னோடு வேலை பார்த்தவர்களில் பலர் இன்று மேனேஜர்கள். அந்தக் காரில் பேசியதுதான் அவர்களுக்குக் கிடைத்த பயிற்சி. உங்களுக்கு அதைத் தராமல் பி.ஐ.பி. தருகிறார். எனக்குக் கோபம் வருகிறது தம்பி.

அந்தப் பிள்ளைக்கும் இதில் நல்லது நடக்கவில்லை. இந்த வருட விற்பனைதான் அடுத்த வருடத்துக்கு அடிப்படை. உங்கள் உழைப்பில் வந்த விற்பனையும், காலாண்டுக் கடைசியில் ஏற்றிய ஸ்டாக்கும் சேர்ந்து அவர் தலையில் பெரிய எண்ணாக உட்காரும். மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போன மறுமாதம் அடுத்த பி.ஐ.பி. அவருக்கு வரும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது: மேனேஜருக்கு ஒரு மின்னஞ்சல், எச்.ஆருக்கு நகல். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். என் அக்கவுண்ட் பட்டியல் எந்தத் தேதியில் மாறியது? என் டார்கெட்டை எந்த முறையில் கணக்கிட்டீர்கள்? நான் பட்டியலில் ஏற்றிய மருந்தின் விற்பனை எந்த விதியின்படி முழுவதும் கை மாறியது? இவ்வளவுதான். பாரபட்சம் என்ற சொல்லே வர வேண்டாம். அந்தத் தம்பியின் பெயரும் வர வேண்டாம். எண்களைப் பற்றிக் கேட்டால் எண்களால்தான் பதில் சொல்ல வேண்டும்.

வேலைச்சட்டம்:

நான் தொழிலியல் வழக்குகள் பார்க்கும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பொதுவாகச் சொல்கிறேன், உங்கள் ஒப்பந்தத்தைப் பார்க்காமல் இதற்கு மேல் போக முடியாது.

2023 ஜனவரி 1 முதல் 1955 வேலைச் சட்டம் சம்பள வரம்பு இல்லாமல் எல்லாத் தொழிலாளர்களுக்கும் பொருந்தும், சில பிரிவுகள் நீங்கலாக. அப்போதே 69எஃப் என்ற பிரிவும் சேர்ந்தது. வேலையில் பாகுபாடு பற்றிய புகாரைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவு போடலாம், மீறினால் 50,000 வெள்ளி வரை அபராதம். ஆனால் மேனேஜருக்கு ஒருவரைப் பிடிக்கிறது, இன்னொருவரைப் பிடிக்கவில்லை என்பதை மட்டும் வைத்து அங்கே போனால் வழக்கு நிற்பது கடினம். ஏரியா மாற்றுவது பொதுவாக நிர்வாகத்தின் உரிமை. கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று காட்ட முடிந்தால்தான் நீதிமன்றம் தலையிடும்.

பி.ஐ.பி. வேறு. செயல்திறன் போதவில்லை என்று ஒருவரை நீக்கினால், அவருக்கு எச்சரிக்கை கொடுத்தார்களா, திருத்திக்கொள்ள உண்மையான வாய்ப்பு கொடுத்தார்களா, அதன் பிறகும் அவர் தேறவில்லையா என்று தொழிலியல் நீதிமன்றம் பார்க்கும். எட்ட முடியாத டார்கெட்டை வைத்துக்கொண்டு வாய்ப்பு கொடுத்தோம் என்று சொன்னால் அது எடுபடாமல் போகலாம். அதனால்தான் அக்கா சொன்ன மின்னஞ்சல் முக்கியம். டார்கெட்டின் கணக்கு முறையைக் கேட்டீர்கள், பதில் வந்தது அல்லது வரவில்லை. இரண்டுமே பின்னால் ஆவணம்.

நீக்கிவிட்டால் 1967 தொழிலியல் உறவுச் சட்டம், பிரிவு 20. வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். கட்டணம் இல்லை. 60 நாள் தாண்டினால் கதவு மூடிவிடும். வேலை நிரந்தரமான ஊழியருக்குப் பின்சம்பளம் அதிகபட்சம் 24 மாதம்.

ராஜினாமா பற்றி. "என்னை வேலையை விட்டுப் போக வைத்தார்கள்" என்று வழக்குப் போட வழி உண்டு. ஆனால் 1980களில் அப்போதைய உச்ச நீதிமன்றம் கேத்தே ஆர்கனைசேஷன் வழக்கில் சொன்னது இன்றும் அளவுகோல்: முதலாளி நியாயமில்லாமல் நடந்தார் என்பது போதாது, ஒப்பந்தத்தின் அடிப்படையையே முறித்தார் என்று காட்ட வேண்டும். முறித்த பிறகு நீங்கள் ரொம்ப நாள் பேசாமல் இருந்தாலும் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து எங்களிடம் அழுகிறவர்கள் நிறைய. அந்த வரியை எந்தக் காரணத்துக்கும் எழுதாதீர்கள்.

சுங்கைப்பட்டாணி பெண்:

அக்கா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் கேள்வி கேட்பதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் அண்ணன் தெரிந்துகொள்ளட்டும். நான் 98 நாள் பேறுகால விடுப்பு முடிந்து திரும்பியபோது என் இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகள் இன்னொருவர் பெயரில் இருந்தன. "தற்காலிக ஏற்பாடு" என்றார்கள். தற்காலிகம் எப்போது முடியும் என்று எழுதிக் கேட்டேன். அன்றிலிருந்து என்னை வாட்ஸ்அப் குழுவில் யாரும் பேச்சுக்குக்கூட அழைக்கவில்லை. டாக்டர்களுக்கான கருத்தரங்கு என் ஏரியாவில் நடக்கும், எனக்கே தெரியாது. எச்.ஆர். வந்தார், மேனேஜரோடு சாப்பிடப் போனார், திரும்பிப் போனார்.

கடைசியில் ஒரு ஆஸ்பத்திரி திரும்பக் கிடைத்தது, இன்னொன்று கிடைக்கவில்லை. கிடைத்ததும் எச்.ஆரால் இல்லை. அந்த ஆஸ்பத்திரி மருந்தாளர், பழைய ரெப் எங்கே என்று கம்பெனிக்கு எழுதிக் கேட்டார்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் நோவார்டிஸ் மருந்துக் கம்பெனியின் பெண் விற்பனை ஊழியர்கள் சம்பளம், பதவி உயர்வு, கர்ப்பம் இவற்றில் பாகுபாடு என்று வழக்குப் போட்டார்கள். சுமார் 5,600 பெண்கள் சார்பில். 2010 மே மாதம் நியூயார்க் ஜூரி கம்பெனிக்கு 25 கோடி டாலர் தண்டத் தொகை விதித்தது. பிறகு 17.5 கோடி டாலரில் சமரசம் ஆனது. நான் தனியாக இருந்ததால் எனக்கு ஒன்றுதான் திரும்பக் கிடைத்தது. அண்ணே, உங்கள் டீமில் வேறு யாருக்காவது இதே மாதிரி ஏரியா கலைந்திருக்கிறதா? இருந்தால் அவர்களும் அதே மூன்று கேள்வியைத் தனித்தனியாக அனுப்பட்டும்.

பிறைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். நான் நினைத்ததைவிடத் தைரியமாக இருக்கிறாள். ராஜினாமா வேண்டாம் என்று அவளும்தான் சொன்னாள்.

தங்கச்சி கேட்டதற்கு: ஆமாம், தைப்பிங் பக்கம் பார்க்கும் ஒரு மூத்த ரெப்புக்கும் இதேதான். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான், வம்பு எதற்கு என்று பேசாமல் இருக்கிறார். நான் கேட்டுப் பார்க்கிறேன், வற்புறுத்த மாட்டேன்.

இரண்டு சந்தேகம். ஸ்டாக்கை ஏற்று, அடுத்த மாதம் திருப்பி எடுக்கலாம் என்று மேனேஜர் அனுப்பிய வாட்ஸ்அப் என் போனில் அப்படியே இருக்கிறது. அதை எச்.ஆருக்கு அனுப்பலாமா? மருந்துக் குழுவோடு நான் நடத்திய பழைய மின்னஞ்சல்கள் கம்பெனி கணினியில் இருக்கின்றன. என் ஜிமெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளலாமா?

வேலைச்சட்டம்:

ஜிமெயிலுக்கு அனுப்ப வேண்டாம். கம்பெனி ரகசியத்தை வெளியே எடுத்தார் என்று அதையே ஒழுங்கு நடவடிக்கையாக்குவார்கள், நல்ல வழக்குகள் இப்படிக் கெட்டுப்போவதைப் பார்த்திருக்கிறேன். எந்த மின்னஞ்சல், எந்தத் தேதி, யாருக்கு, தலைப்பு என்ன என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு என்று வந்தால் அவற்றைக் கொண்டுவரச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்கலாம்.

வாட்ஸ்அப் உங்களுக்கு வந்த செய்தி. ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், தேதியும் நேரமும் தெரிய வேண்டும், போனையும் மாற்றாதீர்கள். அதில் டாக்டர் பெயரோ நோயாளி விவரமோ இருந்தால் மறைத்துவிடுங்கள். ஆனால் அதை டார்கெட் பற்றிய கடிதத்தோடு கலக்க வேண்டாம். திருப்பி எடுக்கிறோம் என்று பேசிக்கொண்டு ஏற்றிய ஸ்டாக்கை விற்பனையாகக் காட்டுவது கம்பெனியின் கணக்கையே பாதிக்கிற விஷயம். வெளிநாட்டுக் கம்பெனி என்கிறீர்கள், விதிமீறல்களை விசாரிக்கும் கம்ப்ளையன்ஸ் பிரிவு இருக்கும். அந்த வழியாகத் தனியாகப் போக வேண்டும்.

பட்டர்வொர்த் அக்கா:

தங்கச்சி சொன்ன விலை உண்மைதான். நான் அதை முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இருக்கலாம். அந்த விலை தெரிந்தும்தான் கேட்கச் சொல்கிறேன். பேசாமல் இருப்பவருக்கும் மூன்று மாதம் கழித்து அதே கடிதம்தான் வரும்.

பி.ஐ.பி. முதல் கூட்டத்தில் இரண்டு விஷயத்தைப் பேசி வாங்குங்கள். விற்பனை எண் மட்டும் இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் கையில் இருப்பதும் அதில் வர வேண்டும்: வாரத்துக்கு எத்தனை டாக்டர், புதிதாக எத்தனை கிளினிக், செபராங் ஜெயா, சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரிகளில் எத்தனை ஸ்பெஷலிஸ்ட். இரண்டாவது, மேனேஜர் உங்களோடு எத்தனை நாள் காரில் வருவார் என்பதும் தேதியோடு எழுதப்பட வேண்டும். பயிற்சி இல்லாத பி.ஐ.பி. வெறும் மிரட்டல் என்று எச்.ஆருக்கே தெரியும். அவர் வந்தால் நல்லது, அந்த வயதான டாக்டரின் அலமாரியை நேரில் காட்டுங்கள். வரவில்லை என்றால் வரவில்லை என்று ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வரி மின்னஞ்சல்.

அந்த டாக்டரிடம் தேங்கியிருக்கும் மாத்திரையின் காலாவதி தேதிகளை இந்த வாரமே பார்த்துவிடுங்கள். கம்பெனி திருப்பி எடுக்கும் விதிப்படி நேரம் இருக்கும்போதே முறையாக மனுப் போடுங்கள். உங்கள் பிரச்சினை எப்படிப் போனாலும் அவர் நஷ்டப்படக் கூடாது.

ஜெனரிக் கம்பெனி இடத்தை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அவர்களுக்குத் தேவை கூலிமிலும் நிபோங் திபாலிலும் கிளினிக் டாக்டர்களைத் தெரிந்த ஆள். அங்கே உங்கள் ஏரியா பலவீனம் இல்லை, பலம். அவர்களிடம் மூன்று மாத அவகாசம் கேளுங்கள், கொடுப்பார்கள். மூன்று கேள்வி மின்னஞ்சல் பி.ஐ.பி. முதல் கூட்டத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அனுப்பும் முன் பெயர், எண் எல்லாம் எடுத்துவிட்டு வரைவை இங்கே போடுங்கள், நான் பார்த்துத் தருகிறேன்.

பிறைக்காரன்:

சரி அக்கா. கூட்டம் அடுத்த வியாழக்கிழமை. ஞாயிறு ராத்திரிக்குள் வரைவைப் போடுகிறேன். சுங்கைப்பட்டாணிக்கு நாளை காலையிலேயே போய் ஸ்டாக்கை எண்ணிவிடுகிறேன்.